பேர் சொல்லி வாங்கிய பட்டா

இன்னாங்க என்று நான் கூப்பிட்டால் கொல்லையின் அந்தக் கோடியில் இருந்தாலும் திரும்பிப் பார்க்கும் மல்லிகா அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம். சாமைக் கொல்லை, மேட்டில் நிற்கும் இரண்டு புளியமரம், வூடு எல்லாம் நம்முடையதாகவே இருக்கிறது. பட்டா என் பேருக்கும் மல்லிகா பேருக்கும் மாறி வந்துவிட்டது. கோர்ட்டுப் படி ஏறவில்லை, ஒரு வக்கீல் முகத்திலும் விழிக்கவில்லை. அது எப்படி உன்னால் முடிந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக் கழித்து உங்கள் வருஷத் திதி. சாப்பாட்டுக்கு முன்னால் மல்லிகா எல்லார் எதிரிலும் நின்று இதைப் படிக்கப் போகிறாள். உங்கள் அண்ணனும் வருவார், முன்வரிசையில்தான் உட்காருவார். அவரைப் பற்றியும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும். ஆனால் போக மாட்டார், அன்றைக்குச் சோறு போடுவது நான்.

முதலில் உங்கள் பேர் விஷயம். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து திதிக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்கள் பேர் ஒரு நிறத்தின் பேர். பாலுக்கும் பஞ்சுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள நிறம். உங்களைக் கட்டிக்கொண்டு இந்த வூட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த நிறத்தை நான் வாயால் சொன்னதில்லை. அதில் ஆரம்பிக்கிற எந்தச் சொல்லையும் சொன்னதில்லை. மோருக்குத் தொட்டுக்கொள்கிற நீட்டுக் காய் எனக்குத் தண்ணிக்காய். ஆட்டுக்குட்டி அந்த நிறத்தில் பிறந்தால் பால்குட்டி. வியாழனுக்கு அடுத்து வரும் கிழமை நம் வூட்டில் எப்போதும் 'வியாழனுக்கு மறுநாள்'தான். மல்லிகா முதல் வகுப்பில் கிழமைகளை ஒப்பிக்கும்போது அப்படியே சொல்ல, வகுப்பே சிரித்தது என்று அழுதுகொண்டு வந்தாள். நீங்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

உங்களுக்கு அது விளையாட்டு. சந்தைக்குக் கிளம்பும்போது வேண்டுமென்றே, இன்னிக்கு என்ன கிழமை காளி என்று கேட்பீர்கள். கடைக்காரரிடம் என்ன நிறத்தில் துணி வேண்டும் என்று நானே சொல்ல வேண்டும் என்று ஒதுங்கி நின்றுகொள்வீர்கள். ஒரு தடவை பந்தயமே கட்டினீர்கள். உன் வாயால் என் பேரை ஒரு தரம் சொல்லிவிடு, செங்கத்துக்குக் கூட்டிப் போய் டாக்கீஸில் சினிமா காட்டுகிறேன் என்றீர்கள். எனக்குச் சினிமா பார்க்க ஆசைதான். ஆனாலும் சொல்லவில்லை. அந்தப் பந்தயத்தை நீங்கள் கடைசிவரை வாபஸ் வாங்கவும் இல்லை.

பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் ஊரின் வழக்கம். இங்கே ஒரு பெண் தன் புருஷன் பேரை ஊர் முன்னால் சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான். அவனை வேண்டாம் என்று அறுத்துக்கொள்ளும்போது. சபையில் நின்று, 'இன்னார் எனக்கு வேணாம்' என்று பேரைச் சொல்லிச் சொல்வாள். ஊர்க்கவுண்டர் கையில் இருக்கும் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போடுவார். அதோடு சரி. வூடும் கிடையாது, நிலமும் கிடையாது, வந்த வழியே போக வேண்டியதுதான். அதனால் பேர் வருகிற இடத்தில் எல்லாம் நாங்கள் சுற்றி வளைத்தே பேசுவோம்.

நீங்கள் போனது சொல்லாமல் கொள்ளாமல் போனது. காய்ச்சல் என்று படுத்தீர்கள். ஜமுனாமரத்தூரில் ஊசி போட்டும் தணியவில்லை என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். மலை இறங்கி அமிர்தி வருவதற்குள் என் தோளில் சாய்ந்தபடியே முடிந்துவிட்டது. நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்து, கண்டக்டரை மெதுவாகப் பேசச் சொன்னேன். அப்புறம் உலுக்கினேன், இன்னாங்க இன்னாங்க என்று கத்தினேன். அப்போதும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பீர்களோ?

உயில் கியில் எதுவும் நீங்கள் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கிற அளவுக்குச் சொத்தா என்று சிரித்திருப்பீர்கள். ஆனால் சொத்து சின்னது என்பதற்காக ஆசை சின்னதாக இருப்பதில்லை. கருமாதி முடிந்த கையோடு உங்கள் அண்ணன் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம் புளியமரத்தில் கட்டினார். வெயிலாக இருக்கிறது, நிழலுக்குக் கட்டினேன் என்றார். மாடு நிழலைப் பிடித்தால் ஆள் மரத்தைப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாளில் பேச்சும் வந்தது. ஆண்பிள்ளை இல்லாத வூடு, பெண் நாளைக்கு எவனையாவது கட்டிக்கொண்டு போய்விடுவாள், அப்பன் வழி நிலம் அப்பன் வழிக்கே திரும்ப வேண்டும் என்று சந்தையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சோறு போடுவாராம். மல்லிகா படித்தது போதும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பழைய கர்ணம் இருந்திருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. அவருக்கு உங்கள் பாட்டன் வரை தெரியும். கர்ணம் வேலையைச் சர்க்கார் எடுத்துவிட்டுப் பரீட்சை எழுதின பிள்ளைகளைக் கிராம அதிகாரியாகப் போட்டது உங்கள் காலத்திலேயே நடந்ததுதான். நம் ஊருக்கு வந்த பையனைப் பார்த்து, இவன் மழைக்காலம் தாங்க மாட்டான் என்றீர்கள். தாங்கிவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் அந்த நல்ல பிள்ளையும் நானும் சேர்ந்துதான் காரியத்தைக் கெடுத்தோம்.

வாரிசு சான்றிதழுக்காக விசாரிக்க அவர் வூடு தேடி வந்தார். சாமை அறுப்பு நேரம், அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. வழக்கமாக யாராவது பெண்டாட்டியிடம் புருஷன் பேர் கேட்டால், பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு எடுத்துக் கொடுக்க நாய்தான் இருந்தது. மல்லிகா பள்ளிக்கூட ஹாஸ்டலில். பட்டாவோ, நீங்கள் பத்திரத்துக்குக் கொடுத்து வைத்திருந்த உங்கள் அண்ணன் பெட்டியில்.

"வூட்டுக்காரர் பேரு இன்னாமா?" என்றார்.

"பாலு இன்னா நெறமோ, அதாங்க."

அவர் கொஞ்சம் யோசித்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "பாலையன். சரிங்களாமா?" என்று கேட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படித்த பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை, என் எதிரில் உங்கள் பேரை நேராகச் சொல்லக் கூடாது என்று அவரும் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனசு குளிர்ந்துபோய்ப் பெரிதாகத் தலையாட்டினேன். மோர் வேறு கொடுத்து அனுப்பினேன்.

சான்றிதழ் வந்தது. காலஞ்சென்ற பாலையன் என்பவரின் வாரிசுகள் என்று போட்டு, கீழே என் பேரும் மல்லிகா பேரும். எட்டாவது வரை படித்தது எதற்கு உதவியதோ இல்லையோ, அந்த வரியைப் படித்து வாசலிலேயே உட்கார உதவியது. செங்கத்தில் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போனேன். ஆபீஸ் பதிவேட்டுப் பட்டாவில் ஒரு பேர், இதில் ஒரு பேர், செத்தது ஒரு ஆளா இரண்டு ஆளா என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டார்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இனிமேல் கோர்ட்டுதான் என்றார். இரண்டு பேரும் ஒரே ஆளுடையது என்று கேஸ் போட்டு நிரூபிக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும், தனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்றார். வக்கீலுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டேன். அதான் நிலம் இருக்கிறதே என்றார். நிலத்தை மீட்க நிலத்தையே விற்கச் சொல்லும் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

விஷயம் எனக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டீக்கடையில் உங்கள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"பாலையன் பொண்டாட்டிக்கு எந்தம்பி கொல்லையில இன்னா வேல?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உங்கள் மேலும் வந்தது. இத்தனை பேர் இருக்க, உங்களுக்கு மட்டும் ஒரு நிறத்தைப் பேராக வைத்த உங்கள் அப்பா அம்மா மேலும் வந்தது.

கிராம அதிகாரிக்கு விஷயம் தெரிந்து, முகம் சுண்டிப்போய் ஓடி வந்தார். நான் மோர் கொடுக்கவில்லை, தண்ணீர்தான் கொடுத்தேன். அவர்தான் எனக்குத் தெளிவாகச் சொன்னார். இதற்கெல்லாம் கோர்ட்டு தேவையில்லை. வாரிசுகளுக்குள் தகராறு வந்தால்தான் கோர்ட்டு. தகராறு இல்லை என்று உறவுக்காரர்கள் ஒப்புக்கொண்டால், தாசில்தாரே சான்றிதழைத் திருத்திக் கொடுக்கலாம், அதை வைத்துப் பட்டா மாற்றலாம். அடுத்த மாதம் தாசில்தார் மலைக்கு முகாம் வருகிறார், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்காருவார். ஊர் முன்னால் விசாரித்து அங்கேயே முடித்துவிடலாம் என்றார். ஆனால் முதலில் தப்பான பேருக்குத் தலையாட்டியது நான். அதனால் சரியான பேரையும் நான்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லி நான் தலையாட்டினால், மறுபடியும் அதே கதைதான் என்று எழுதுவார்கள் என்றார்.

நான் சொல்றேன்மா என்று ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த மல்லிகா குதித்தாள். செல்லாது என்றார். எழுதிக் காட்டலாமா என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே உறைத்தது. எழுதினாலும் சொன்னதுதானே? மல்லிகாவின் பள்ளிக்கூடப் பாரத்தில் அப்பா பேர் எழுதும் இடத்தைக்கூட அவளையே நிரப்பச் சொன்னவள் நான்.

ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் இம்மி நகர மாட்டார். சபையில் பேரைச் சொன்னால் அறுத்ததாகத்தானே ஆகும் என்று உங்கள் அண்ணன் முன்பே போய்க் கேட்டு வைத்திருக்கிறார். "ஒன் பக்கம் நாயம் கீது. ஆனா ஊரு முன்னால புருசன் பேரு வாயில வந்தா, நான் துரும்போட நிக்கணும்மா" என்றார் கவுண்டர். உங்கள் அண்ணனின் கணக்கு அப்போதுதான் புரிந்தது. பேரைச் சொல்லாவிட்டால் ஆபீசுக்கு நான் பாலையன் பொண்டாட்டி. சொல்லிவிட்டால் ஊருக்கு நான் யார் பொண்டாட்டியும் இல்லை. எப்படிப் போனாலும் புளியமரம் அவருக்கு. முட்டாளுக்கு இப்படி யோசிக்க வருமா? உங்கள் வூட்டில் மூளை எல்லாம் மூத்தவருக்கே போய்விட்டது என்று நீங்கள் சொல்வீர்களே, பொய்யில்லை.

முகாமுக்கு முந்தின வாரம் முழுக்க ஓடையில் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். நேராகப் பேருக்குப் போகவில்லை. தண்ணிக்காயின் சரியான பேரிலிருந்து ஆரம்பித்தேன். காய் வந்தது. ஆடு வந்தது. கிழமைகூட வந்துவிட்டது. உங்கள் பேர் மட்டும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. சொன்னால் நீங்கள் போனது உண்மையாகிவிடும் என்று உள்ளே ஒரு மூலையில் நான் நினைத்திருக்கிறேன். ஆயுசு குறையும் என்று பயந்தவள், இன்னும் குறைய ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். அது புரிந்ததும் துணியை அப்படியே கல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். கருமாதிக்குக்கூட அப்படி அழவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான், அறுக்கும்போது சொல்கிற அந்த வரியை முழுசாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இன்னார் எனக்கு வேணாம். எத்தனையோ சபையில் கேட்டிருக்கிறேன். அதில் பேரைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் பயந்தேன். பேருக்குப் பின்னால் வருகிற சொல்லைப் பார்க்கவே இல்லை. துணியை அலசிப் பிழிந்துகொண்டு வூட்டுக்கு வந்தேன். மல்லிகாவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

முகாம் வந்தது எந்தக் கிழமை என்று நினைக்கிறீர்கள்? வியாழனுக்கு மறுநாளேதான். தாசில்தார் வருகிறார் என்று பள்ளிக்கூடத்துக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வராண்டாவில் நாற்காலி, அதில் அவர், பின்னால் சுவர் முழுக்க உங்கள் பேர். கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் நீங்கள்தான். ஊரே வந்திருந்தது. சாமை விளைகிற கொல்லையைவிடப் பேச்சு விளைகிற வாய் பெரிதாயிற்றே நம் ஊரில். கவுண்டர் ஒரு ஓரமாக நின்றார், கையில் துரும்பு. அது நம் கொல்லையில் அறுத்த சாமைத் தாள். உங்கள் அண்ணன் மறக்காமல் கிள்ளிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

தாசில்தார் சான்றிதழைப் பார்த்தார், பட்டாவைப் பார்த்தார். அதைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் அண்ணனுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள், மறுக்க முடியவில்லை.

"நீங்க பாலையன் மனைவியா?" என்றார்.

"இல்லைங்க."

"பின்ன யார் மனைவி? வாயால சொல்லணும்."

மல்லிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"எம் புருசன் பேரு வெள்ளையன்."

சொல்லிவிட்டேன். ஊர் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உங்கள் அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தார். "கேட்டுக்கினீங்களா? ஊரறியச் சொல்லிட்டா. கவுண்டரே, துரும்பக் கிள்ளுங்க" என்றார். கவுண்டர் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே துரும்பை இரண்டு கையிலும் பிடித்தார்.

"நான் இன்னும் முடிக்கலீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "வெள்ளையன் எனக்கு வேணும்."

கிழவிகள் வாயிலிருந்து கையை எடுத்தார்கள்.

"வேணாம்னு சொல்றவளுக்குத்தான் ஊரு துரும்பு வச்சிருக்குது. நான் வேணும்ங்கறேன். வெள்ளையன் எனக்கு வேணும். அவரு வூடு வேணும், அவரு கொல்ல வேணும், அவரு பேரு எம் பொண்ணுக்கு வேணும். பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னீங்க. இனிமே கொறையறதுக்கு இன்னா கீது?"

கவுண்டர் துரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவும் தாத்தாவும் நடத்திய சபையையெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டு விசாரித்திருப்பார். கடைசியில் துரும்பைக் கிள்ளாமல் அப்படியே தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

"அறுக்கறதுக்குப் பேரும் வேணும், வேணாமும் வேணும். இவ சொன்னதுல வேணாம் இல்ல. இது அறுப்பு இல்ல" என்றார்.

தாசில்தாருக்குத் துரும்பும் புரியவில்லை, தலைப்பாகையும் புரியவில்லை. கிராம அதிகாரி குனிந்து காதில் விளக்கினார். தாசில்தார் முகத்தில் சிரிப்பு வந்து, உடனே அடங்கியது. மலை ஜனத்துக்குச் சொத்து விஷயத்தில் அவர்கள் வழக்கம்தான் சட்டம், புருஷன் வூட்டை விட்டுப் போகாத பெண்ணுக்கு ஊர் என்ன சொல்கிறது என்று கவுண்டரைக் கேட்டார். நிலம் அவளுக்குத்தான், அவளுக்குப் பிறகு அவள் பெண்ணுக்கு என்று கவுண்டர் சொன்னார். பெண்ணுக்கு என்று அதுவரை நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னார், யாரும் குறுக்கே பேசவில்லை.

மிச்சம் இருந்தது உங்கள் அண்ணன். ஆட்சேபணை உண்டா என்று தாசில்தார் கேட்டார். உண்டு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தகராறு என்று ஆகி எல்லாம் கோர்ட்டுக்குப் போய்விடும். மரத்தடி ஆளின் வக்கீலுக்கு நல்ல காலம் பிறந்திருக்கும். உங்கள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"எழுதிக்குங்க சார். எந்தம்பி வெள்ளையன் பொண்டாட்டிதான்" என்றார்.

கையெழுத்தும் போட்டார். அன்று சாயங்காலம் அவரே வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார். "நீ வேணும்னப்ப, அவன் எங்கனா இருந்து எழுந்து வந்துருவான்னு தோணிப்போச்சு." மூத்தாரே, நீங்கள் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களுக்கு முதல் பந்தியில் இலை போட்டிருக்கிறேன்.

பட்டா வாங்க மூன்று பேரும் செங்கம் போனோம். ஆமாம், உங்கள் அண்ணனும்தான், சாட்சிக் கையெழுத்துக்கு. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், பேர் சொல்லுங்கம்மா என்றார். வெள்ளையன் என்றேன். கேட்காத காதுக்குக்கூடக் கேட்கும்படி சொன்னேன். வெளியே வந்தபோது மனு எழுதுகிறவர், கோர்ட்டு என்ன ஆச்சு என்று விசாரித்தார். கோர்ட்டு சௌக்கியமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் நேராக டாக்கீஸ். பந்தயம் பந்தயம்தானே? நீங்கள் காட்ட வேண்டிய சினிமா, உங்கள் சார்பில் உங்கள் அண்ணன் டிக்கெட் எடுத்தார். படம் ஓடுகிற முக்கால்வாசி நேரம் அவர் குறட்டை விட்டார். மல்லிகா கண்ணை எடுக்கவில்லை. நான் பாதிப் படத்தைத் திரையில் பார்த்தேன், பாதிப் படத்தை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். தோற்றவளுக்குச் சினிமா காட்டுகிற பந்தயம் உலகத்தில் வேறெங்காவது உண்டா? இல்லை, ஜெயித்தவள் நான்தானா? இதை உங்களிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

ஊர்ச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். மல்லிகா பத்தாவது பாஸ். மேலே படிக்க வேலூர் போகிறாள், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது, மேட்டு மரம் கிளை தாங்காமல் நிற்கிறது. கிராம அதிகாரி இப்போதெல்லாம் பெண்களிடம் புருஷன் பேர் கேட்பதே இல்லை, பட்டாவை எடுத்துக்கொண்டு வாங்கம்மா என்கிறார். அவருக்கு மறுபடியும் மோர்தான் கொடுக்கிறேன். போன மாதம் சபையில், புருஷன் வூட்டார் துரத்தப் பார்த்த ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று அவன் பேரைச் சொல்லி, எனக்கு வேணும் என்று சொன்னாள். கவுண்டர் துரும்பைத் தூரப் போட்டுவிட்டு, போய்ச் சோறு தின்னுங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார். அந்தப் பையனுக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை.

நான் இப்போது எல்லாம் சொல்கிறேன். வெள்ளரிக்காய் என்கிறேன். வெள்ளாடு என்கிறேன். இந்த வருஷம் வெள்ளாமை நல்ல வெள்ளாமை என்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் வாயில் நீங்கள் கொஞ்சம் வந்து போகிறீர்கள். இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை விட்டுவிட்டோமே என்று இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்து, சினிமாவுக்குக் கிளம்பு என்றிருப்பீர்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் பேரை வீணாகப் புழங்க மாட்டேன். ஆனால் வருஷா வருஷம் புளி உலுக்குவதற்கு முன்னால் மேட்டு மரத்தடியில் நின்று, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு தடவை கூப்பிடுவேன். என் காலத்துக்குப் பிறகு மல்லிகா கூப்பிடுவாள். இந்த மரமும் இந்தக் கொல்லையும் இருக்கிற வரைக்கும் இன்னார் கொல்லை என்று உங்கள் பேரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், சொல்லித்தான் நுழைய வேண்டும். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தாலும் திரும்பிப் பாருங்கள்.

பாலையன் பொண்டாட்டி இல்லை,
வெள்ளையன் பொண்டாட்டி,
காளியம்மா